வால் தொரான்ஸிலிருந்து ஜெனீவா விமான நிலையம்: சனிக்கிழமை காலை 8 மணி வேன் போதுமா?

குளிர்காலப்பறவை (லண்டன்)

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரி பள்ளி விடுமுறைக்கு ஏழு பேர் பிரான்ஸின் வால் தொரான்ஸுக்குப் பனிச்சறுக்கு போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அக்கா, மாமா, மதுரையிலிருந்து வந்திருக்கும் 71 வயது அம்மா. திரும்புவது சனிக்கிழமை. ஜெனீவாவில் மதியம் 2.40-க்கு விமானம்.

எட்டு பேர் உட்காரும் வேன் ஒன்றைத் தனியாகப் பேசி முடித்திருக்கிறோம், 520 யூரோ. காலை 8 மணிக்கு வாசலுக்கு வண்டி வரும், 2 மணி 45 நிமிடத்தில் ஜெனீவா என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கூகுள் மேப்பும் ஏறக்குறைய அதைத்தான் காட்டுகிறது. ஆனால் அலுவலகத்தில் ஒருவர், போன வருஷம் இதே பாதையில் விமானத்தை விட்டதாகச் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. "தனி வேன்தானே, நடுவில் யாரையும் ஏற்றப் போவதில்லை, ஏன் பயப்படுகிறீர்கள்" என்கிறாள் மனைவி. எட்டு மணிக்கே பிள்ளைகளைக் கிளப்புவது பெரிய பாடு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவைப்பெண் (பாரிஸ்)

போதாது தம்பி. பிப்ரவரி சனிக்கிழமை என்றால் கண்டிப்பாகப் போதாது.

கனடாவிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் குடும்பத்தை ஜெனீவாவில் விமானம் ஏற்ற அதே ஊரிலிருந்து தனி வேனில் இறங்கினோம். எட்டேகாலுக்குக் கிளம்பினோம். மலையடிவாரத்தில் இருக்கும் மூத்தியே ஊருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. அப்புறம் அது ஊர்ந்ததுதான், ஓடவே இல்லை. கண்ணாடியெல்லாம் உப்புக் கறை. முன்னால் போன காரிலிருந்து ஒரு அம்மா இறங்கி பிள்ளைகளுக்கு ரொட்டி அறுத்துக் கொடுத்துவிட்டு நிதானமாக ஏறி உட்கார்ந்தார், அதற்குள் வரிசை பத்தடிகூட நகரவில்லை. ஜெனீவா போனபோது மணி ஒன்றரை. பெட்டி வாங்கும் கவுண்டரை மூடிவிட்டார்கள். நாத்தனார் அங்கேயே உட்கார்ந்து அழுததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வேன் நிறுவனத்திடம் கேட்டதற்கு, "சொன்ன நேரத்துக்கு வாசலுக்கு வந்தோம், வழி நெரிசலுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

தனி வண்டிதான் தம்பி, ஆனால் தனி ரோடு கிடையாது.

லெமான் கரை (அன்மாஸ்)

தம்பி, நான் ஆறு குளிர்காலம் இந்த வேன்தான் ஓட்டினனான். இப்ப விட்டிட்டன். உங்கட கேள்வியைப் பார்த்திட்டுச் சும்மா போக மனம் வரேல்லை.

முதல்ல அந்தப் பள்ளத்தாக்கின்ர அமைப்பை விளங்கிக்கொள்ளுங்கோ. வால் தொரான்ஸ் 2,300 மீட்டரில இருக்கு. அங்கயிருந்து கீழ இறங்க ஒரேயொரு ரோட்டுத்தான். லே மெனுய்ர், சேன் மார்த்தான் எல்லாம் அதே ரோட்டில வந்து சேரும். 37 கிலோமீட்டர் இறங்கினால் மூத்தியே. கூர்ஷ்வெல், மெரிபெல் சனம் பக்கத்துப் பள்ளத்தாக்கால வந்து சேருறதும் அதே மூத்தியேதான். மேல இருந்து லா பிளாஞ், லே ஸார்க், தீஞ், வால் திஸேர் எண்ட பனிச்சறுக்கு ஊர்ச் சனமும் வரும். இவ்வளவு பேரும் அங்கயிருந்து ஆல்பெர்வில் போக ஆர்.என். 90 எண்டு ஒரு ரோட்டு. 1992 ஆல்பெர்வில் குளிர்கால ஒலிம்பிக்குக்காக அதை அகலமாக்கினவை. அது இல்லாட்டி இண்டைக்கு ஒருத்தரும் அசைய ஏலாது. ஆனா புனலின்ர வாயைப் பெருப்பிச்சாலும் அது புனல்தானே.

அங்க வீட்டு வாடகை சனி தொடக்கம் சனி வரைக்கும்தான். காலம்பிற பத்து மணிக்குத் திறப்பைக் குடுக்கச் சொல்லுவினம். அதனால எட்டு எட்டரைக்கு எல்லாரும் ஒரே மாதிரி வெளிக்கிடுவினம். பதினொரு மணிக்குப் பிறகு அடுத்த கிழமைச் சனம் கீழயிருந்து மேல ஏறத் தொடங்கும். நீங்கள் எட்டு மணிக்கு இறங்கினால் அந்தக் கூட்டத்தின்ர நடு மத்தியில போய் விழுவியள்.

கணக்கைப் பின்னாலயிருந்து போடுங்கோ. விமானம் 2.40. தங்களுக்குள்ள எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்கு வெளியில லண்டன், அதனால கடவுச்சீட்டு வரிசை இருக்கு. 2025 அக்டோபர் 12-இல தொடங்கின புது எல்லைப் பதிவு முறையில விரலடையாளம், முகப்படம் எல்லாம் பார்ப்பினம். பெட்டி குடுக்கிற வரிசை, ஸ்கீ பைக்கான தனி இடம் எல்லாம் சேர்த்து மூண்டு மணித்தியாலம் வையுங்கோ. எண்டா 11.40-க்கு விமான நிலைய வாசலில நிக்க வேணும். வெறும் ரோட்டில மூண்டு மணித்தியாலம் சரி. பெப்ரவரி சனிக்கிழமை நாலரை அஞ்சு போகும். நான் அஞ்சரையும் ஓடியிருக்கிறன். ஆறு மணிக்கு வெளிக்கிடுங்கோ. ஆறு மணிக்கு இறங்கிற வண்டி ஏழு மணிக்கு மூத்தியேவைத் தாண்டிப் போடும். எட்டு மணிக்கு இறங்கிறது எப்ப தாண்டும் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது.

இன்னொரு விசயம். ஆல்பெர்வில்லில ஜிபிஎஸ் உங்களை ஆன்சி ஏரிக்கரையால போகச் சொல்லும், கிலோமீட்டர் குறைவு எண்டு. சனிக்கிழமையில அந்த ஏரிக்கரை ரோட்டு ஒற்றை வரிசையில நிக்கும். ஷாம்பெரிப் பக்கம் சுத்தி நெடுஞ்சாலையால வாறது தூரம்தான், ஆனா ஓடும். இதைத் தெரிஞ்ச ஓட்டுநர்தான் உங்களுக்கு வேணும். வண்டி பென்ஸோ வேறயோ, அது பெரிசில்லை.

வடக்குவாசல் (மில்டன் கீன்ஸ்)

ஆறு மணி கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. இருட்டில், ராத்திரி விழுந்த பனி அப்படியே கிடக்கும்போது, வயதான அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்குவது சரியா? விமானம் போனால் போகட்டும், உயிர் முக்கியம். எட்டு மணிக்கு வெளிச்சம் வந்த பிறகு கிளம்புவதுதான் எனக்கு நியாயமாகத் தெரிகிறது.

லெமான் கரை (அன்மாஸ்)

வடக்குவாசல், நீங்கள் கேட்கிறது ஞாயம்தான். அந்த ரோட்டில சனிக்கிழமை எண்டா பனி தள்ளுற வண்டி இருட்டோடயே இறங்கியிடும், நான் ஓடின ஒவ்வொரு சனியும் அதுக்குப் பின்னாலதான் ஓடினனான். வெறும் ரோட்டில, முன்னுக்கும் பின்னுக்கும் வண்டி இல்லாமல், இரண்டாம் கியரில மெதுவா இறங்கிறதில ஆபத்து குறைவு. டயர் சரியில்லாத ஐம்பது கார் நடுவில, ஒருத்தர் சறுக்கினால் எல்லாரும் சறுக்கிற நிலையில நிக்கிறதுதான் பயம். ஆனா கடும் பனிப்பொழிவு எண்டு எச்சரிக்கை வந்தால் கதை வேற. அப்ப முதல் நாளே, வெள்ளி பின்னேரமே, ஆல்பெர்வில்லிலயோ ஆன்சியிலயோ ஒரு ராத்திரி அறை எடுத்துத் தங்குங்கோ.

2014 டிசம்பர் 27, அதுவும் ஒரு சனிக்கிழமை. பனியும் உறைபனியும் சேர்ந்து இந்த ஊர்கள் இருக்கிற சவோய் மாவட்டத்தில 15,000 வாகனம் வரைக்கும் ரோட்டில மாட்டினது. பள்ளிக்கூடங்கள், மண்டபங்களில எல்லாம் சனத்தைப் படுக்க வைச்சவை. 2025 பெப்ரவரி 1, அதுவும் சனி. ஆல்பெர்வில்லுக்கும் மூத்தியேவுக்கும் நடுவில கல் சரிஞ்சு ஆர்.என். 90-ஐயே மூடிப்போட்டினம். அப்பிடியான நாளில எத்தினை மணிக்கு வெளிக்கிட்டாலும் ஒண்டும் செய்ய ஏலாது.

மலைவேம்பு (லெஸ்டர்)

பணம் பற்றி ஒரு வார்த்தை. இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

வழி நெரிசலால் நீங்கள் தாமதமாக வந்தால் விமான நிறுவனம் எதுவும் தரக் கடமைப்பட்டதல்ல. ஐரோப்பிய விமானப் பயணி விதிகள் விமானம் தாமதமாவதற்குத்தான், பயணி தாமதமாவதற்கு அல்ல. பயணக் காப்பீட்டில் "விமானத்தைத் தவறவிடல்" என்று ஒரு பிரிவு இருக்கும். பல பாலிசிகளில் அது ஊரிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு மட்டும்தான், திரும்பும் பயணத்துக்கு இல்லை. திரும்பும் பயணத்துக்கு இருந்தால்கூட "போதிய நேரம் விட்டுக் கிளம்பினீர்களா" என்று கேட்பார்கள். பிரெஞ்சு அரசின் பிசோன் ஃப்யூத்தே என்ற சாலை நெரிசல் முன்னறிவிப்பு ஒவ்வொரு நாளையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் போட்டு முன்கூட்டியே வெளியிடுகிறது. சிவப்பு நாளில் எட்டு மணிக்குக் கிளம்பி நெரிசலில் மாட்டினோம் என்றால் காப்பீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

விமானம், தங்குமிடம், வேன் மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் ஒரே பேக்கேஜாக வாங்கியிருந்தால் நிலைமை வேறு. பிரிட்டனில் 2018-இல் வந்த பேக்கேஜ் பயண விதிகளின்படி, அந்த வேனும் அவர்கள் பொறுப்பு. தவிர்க்க முடியாத அசாதாரண காரணத்தால் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாவிட்டால் மூன்று இரவு வரை தங்கும் செலவையும் அவர்கள் ஏற்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. குளிர்காலப்பறவை, நீங்கள் எப்படி வாங்கினீர்கள்?

குளிர்காலப்பறவை (லண்டன்)

எல்லாம் தனித்தனியாக. மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டோம். இப்போது இதைப் படித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது. பிசோன் ஃப்யூத்தே பார்த்தேன், நாங்கள் திரும்பும் சனிக்கு எங்கள் பகுதி சிவப்பு. பாரிஸ் பள்ளிகளுக்கும் அந்த வாரம்தான் விடுமுறை போலிருக்கிறது.

நாலு வயசுக்காரிக்கு வண்டியில் வாந்தி வரும். அதற்கு ஏதாவது வழி?

கொங்குநாட்டான் (சூரிக்)

வால் தொரான்ஸ் ஏறக்குறைய ஊட்டி உயரம்தாங்க. ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள், மூத்தியே வரைக்கும் 1,800 மீட்டர் இறங்குகிறீர்கள். மேலே மூடி வைத்த தண்ணீர் பாட்டில் கீழே வரும்போது தானாக நசுங்கிப் போயிருக்கும். குழந்தையின் காதுக்கும் அதேதான் நடக்கும். இறங்க ஆரம்பித்ததும் வாயில் ஏதாவது மிட்டாயோ, உறிஞ்சிக் குடிக்க ஏதாவதோ கொடுத்துக்கொண்டே இருங்கள். வயிறு முட்டப் பால் கொடுக்காதீர்கள், வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு பிஸ்கட் போதும். நடு இருக்கையில், முன்கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். போனைக் கையில் கொடுக்கவே கூடாது. எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து முகரச் சொல்வோம். கொல்லிமலையின் 70 வளைவும் அதை வைத்துத்தான் ஏறினாள் என் பொண்ணு.

பிள்ளை இருக்கையை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸில் 10 வயது வரை, சுவிஸுக்குள் வந்துவிட்டால் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் வரை. அதனால் ஒன்பது வயசுப் பையனுக்கும் வேண்டும்.

அப்புறம், இன்னும் ஊர் முடிவு செய்யாதவர்கள் யாராவது படித்தால்: செர்மாட் மாதிரி ஊருக்குத் தனி வேனே தேவையில்லை. அங்கே கார் உள்ளேயே போகாது, தேஷ் என்ற ஊரோடு நின்றுவிடும், அங்கிருந்து பன்னிரண்டு நிமிட ரயில். ஃபிஸ்ப்பில் ஒரே ஒரு தடவை மாறினால் ரயில் ஜெனீவா விமான நிலையத்துக்கு அடியிலேயே கொண்டுபோய் விடும். நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நெரிசல் என்ற பேச்சே இல்லை. 2018 ஜனவரியில் பனிச்சரிவு ஆபத்தால் ரயிலும் ரோடும் மூடி 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் மாட்டிக்கொண்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் சாதாரண சனிக்கிழமைக்கு அந்த ரயில் எனக்கு இதுவரை கைகொடுத்தே வந்திருக்கிறது.

லெமான் கரை (அன்மாஸ்)

ஒண்டு சொல்ல மறந்து போனன், இதுதான் எனக்கு மனசில கிடக்கிறது.

வேன்காரரிட்ட நேரம் கேக்கிறியள், விலை கேக்கிறியள். "அண்டைக்கு உங்கட ஓட்டுநருக்கு இது எத்தினையாவது ஓட்டம்?" எண்டு கேளுங்கோ. ஓட்டுநரோட சேர்த்து ஒன்பது இருக்கை வரைக்கும் உள்ள வண்டிக்கு ஐரோப்பிய விதியில டாக்கோகிராஃப் இல்லை. பஸ்காரர் எத்தினை மணித்தியாலம் ஓடினார் எண்டு கருவி சொல்லும், இந்த வேன்காரருக்கு அது இல்லை. என்ர முதல் குளிர்காலத்தில முதலாளி சனிக்கிழமைக்கு மூண்டு ஓட்டம் போட்டார். விடிய மூண்டு மணிக்கு எழும்பி, மேல ஏறி, இறக்கி, திரும்ப ஏறி, திரும்ப இறக்கி. இரவு பத்து மணிக்கு ஆன்சிக்குக் கிட்ட ஒரு நிமிசம் கண் சொருகினது. பின்னால ஒரு குடும்பம், நல்ல நித்திரை. ரோட்டோரத்தில டயர் பட்டால் சத்தம் போடுற கோட்டில ஏறினபடியால முழிச்சன். வண்டியை ஓரங்கட்டி நிப்பாட்டி, கதவைத் திறந்துகொண்டு குளிருக்குள்ள நிண்டன். அவைக்கு இண்டைக்கும் தெரியாது. அடுத்த கிழமை மூண்டாவது ஓட்டம் ஏலாது எண்டு முதலாளியிட்ட சொன்னன். வேலை போனது, வேற இடத்தில சேர்ந்தன்.

உங்கட வண்டி அண்டைக்கு முதல் ஓட்டமா இருக்கோணும். ஆறு மணிக்குக் கேக்கிறதில இதுவும் ஒரு நன்மை. ஓட்டுநர் முதல் நாள் இரவு மேலயே படுத்திருப்பார்.

வாட்ஸ்அப் குழுவில பாதி விலைக்கு வாற ஆக்களை நம்பாதேங்கோ. பிரான்ஸில தனி வேன் ஓட்ட விடிசி எண்ட வாடகை வண்டி ஓட்டுநர் அட்டையும், காசு வாங்கி ஆள் ஏத்திறதுக்கான தனிக் காப்புறுதியும் வேணும். ஜான்டார்ம் எண்ட பிரெஞ்சுப் பொலிஸ் மறிச்சுப் பிடிச்சால் உங்கட சாமானோட ரோட்டோரத்தில நிப்பியள். குளிர்கால டயரையும் கேளுங்கோ. நவம்பர் 1 தொடக்கம் மார்ச் 31 வரைக்கும் இந்த மலை ஊர்களில அது சட்டம், இல்லாட்டி சங்கிலி வைச்சிருக்க வேணும்.

புதுவைப்பெண் (பாரிஸ்)

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் ஓட்டுநரை நான் அன்றைக்குத் திட்டினேன். அவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கேட்கவே இல்லை.

குளிர்காலப்பறவை (லண்டன்)

போய் வந்துவிட்டோம். எழுதாமல் இருந்தால் பாவம், அவ்வளவு உதவினீர்கள்.

வேன் நிறுவனத்துக்கு ஆறு மணி என்று எழுதினேன். முதலில் "அவசியமில்லை, எட்டு மணி போதும்" என்றார்கள். சிவப்பு நாள் அறிவிப்பை அனுப்பி, முதல் ஓட்டமாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து 40 யூரோ கூடுதலாக வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள். வீட்டுச் சாவியை வெள்ளி இரவே பெட்டியில் போட்டுவிடுவதாக அலுவலகத்தில் சொல்லி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம்.

வெள்ளி இரவு பனி விழுந்தது. ஐந்தே முக்காலுக்கு ஓட்டுநர் வாசலில் நின்று மண்வாரியால் வழி வெட்டிக்கொண்டிருந்தார். வேனின் பக்கக் கதவு உறைந்து திறக்கவில்லை. அவர் இழுக்கவில்லை. முதலில் தோளால் உள்பக்கமாக அழுத்தினார், ரப்பர் ஓரத்தில் பனி நொறுங்கும் சத்தம் கேட்டது, அப்புறம் லேசாக இழுத்தார், வழுக்கித் திறந்தது. அம்மாவை முன்இருக்கையில் உட்கார வைத்தோம். மூத்தியே வரும் வரை கையைக் கூப்பியபடியே இருந்தார்கள், உதடு மட்டும் அசைந்தது. எலுமிச்சம்பழம் இருந்தும் சின்னவள் சேன் மார்த்தான் தாண்டி ஒருமுறை வாந்தி எடுத்தாள். பை தயாராக இருந்தது. தண்ணீர் பாட்டில் நிஜமாகவே நசுங்கியது, பையன் அதை லண்டன் வரைக்கும் கொண்டுவந்தான்.

மூத்தியே 7.05. நிற்கவே இல்லை. ஆல்பெர்வில்லில் ஓட்டுநர் கேட்காமலே ஷாம்பெரிப் பக்கம் திரும்பினார். வழியில் கால் மணி காபி. சுவிஸ் எல்லையில் பார்டோனே சுங்கச் சோதனையில் சின்ன வரிசை. விமான நிலைய வாசலில் இறங்கியபோது 9.35. பெட்டி வாங்கும் கவுண்டரே திறக்கவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள், நான் பதில் பேசவில்லை. அக்கா முதல் நாள் கிளறி வைத்த புளியோதரையைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதே விமானத்தில் வந்த இன்னொரு குடும்பம் லே மெனுய்ரிலிருந்து எட்டரைக்குக் கிளம்பியது, அதுவும் தனி வேன்தான். ஒன்று இருபதுக்கு ஓடி வந்தார்கள். இரண்டு ஸ்கீ பையை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், பையை உறவினர் ஒருவரிடம் விட்டுவிட்டு ஏறினார்கள்.

லெமான் கரை (அன்மாஸ்)

நல்ல சந்தோசம். அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ. கதவை உள்ளுக்குத் தள்ளித் திறந்த ஆள் கன காலம் ஓடின ஆளாத்தான் இருக்கும்.

வடக்குவாசல் (மில்டன் கீன்ஸ்)

நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஜனவரியில் நாங்களும் போகிறோம். சனிக்கிழமையைத் தவிர்க்கவே வழியில்லையா?

குளிர்காலப்பறவை (லண்டன்)

இருக்கிறது. ஞாயிறு முதல் ஞாயிறு வரை வாடகைக்குத் தரும் வீடுகள் சில உண்டு, தேட வேண்டும். எங்களுக்கு அடுத்த வருஷத்துக்கு அப்படி ஒன்று கிடைத்தது. அதே ஓட்டுநரைக் கேட்டோம். ஞாயிறு என்றால் ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும் என்றார். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.